நாலு செகண்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் எதிரி என்று யாரும் கிடையாது. சகலை ஒருவர் மட்டும் உண்டு.

எதிரி என்றால் தெருவில் எதிரே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். சகலை விஷயத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. மனைவியின் அக்காள் புருஷன். மாமனார் வீட்டுக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் அவர்தான். மாமியார் அவருக்கு முதலில் பரிமாறுவார், மாஸ்டருக்கு அடுத்ததாக. பாத்திரத்திலிருந்து விழும் கறித் துண்டுகள் சின்னதா பெரியதா என்று மாஸ்டரின் கண் தானாகப் போய் அளந்துவிட்டு வரும்.

சகலை பெயின்ட் கடை வைத்திருந்தார். அது இரண்டு கடையாயிற்று, மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். மாடி வீடு கட்டினார், பொறுத்துக்கொண்டார். கார் வாங்கினார், அதை ஓட்டக் கற்றுக்கொடுத்ததே மாஸ்டர் என்பதாலும், சகலைக்கு இன்றுவரை ரிவர்ஸ் எடுக்க வராது என்பதாலும், அதையும் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்த மனிதர் மாடி அறையில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்தபோது மாஸ்டரின் வயிற்றில் அடுப்பே மூட்டியாயிற்று.

ஏனென்றால் குடும்பத்தில் சங்கீதம் என்றால் அது மாஸ்டர்தான். சகலைக்குக் காசு, மாஸ்டருக்குக் கீபோர்டு என்று ஆண்டவனே பாகம் பிரித்து வைத்திருந்தான். அந்த வேலியைத் தாண்டி வந்து மேய்ந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கிரகப்பிரவேசம் மாதிரி எல்லோரையும் கூப்பிட்டு ஸ்டூடியோவைக் காட்டினார் சகலை. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. மூடினால் பெருமூச்சு விடுகிற கதவு. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர், அதன்மேல் நீல விளக்கு. பின்னால் சட்டம் போட்ட சான்றிதழ்: இல்ல இசைப்பதிவுப் பேரவை – முதல் தரம்.

"தொடலாமா சகலை?" என்றார் மாஸ்டர்.

"பாருங்க சகலை. பார்க்கத்தானே வச்சிருக்கேன்."

"ஏதாவது போட்டுக் காட்டுங்களேன்."

"சங்கீதம் அவசரப்படுத்துற விஷயம் இல்ல. உங்களுக்குத் தெரியாததா?" என்று சகலை கதவைப் பெருமூச்சு விடவைத்தார்.

மாஸ்டரிடமும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் புதிது வாங்கியபோது கழித்துக் கட்டியது. திரையில் குறுக்கே ஒரு கோடு. உள்ளே இருக்கும் காற்றாடி, மலையேறுகிற லாரி மாதிரி 'கர்ர்ர்' என்று இழுத்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி 'கர்ர்ர்' என்னும். அதில்தான் மாஸ்டர் இத்தனை நாள் தன் பாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தார். அன்று வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தபோது, கல்யாணத்துக்குக் கிழிந்த சட்டையோடு போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் நகரப் பேருந்து நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒலிக்க ஒரு டியூன் வேண்டும். நாலு செகண்டு. பயணிகள் பதறாமல் எழுந்திருக்க வேண்டும், தூங்குகிறவர் விழிக்க வேண்டும். பொதுமக்கள் அனுப்பலாம்.

மாஸ்டரிடம் டியூன் தயாராக இருந்தது. சிக்னலில் பச்சை விளக்குக்காகக் காத்திருந்த நேரங்களில் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி உருவாக்கியது. நகரம் முழுக்க அதைக் கேட்டு எழுந்திருக்கும். ஒருநாள் கார் ரிப்பேராகி சகலை பேருந்தில் வருவார். அவரும் அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்! அந்தக் காட்சியை மாஸ்டர் மனதுக்குள் பல கோணங்களில் ஓட்டிப் பார்த்தார்.

"நானும் அனுப்பப் போறேன் சகலை," என்று போனில் குண்டைப் போட்டார் சகலை. "உங்களுது எதுல பதிவு பண்ணுவீங்க? அந்த லாரியிலயா? பேரவை அங்கீகாரம் இல்லாத கம்ப்யூட்டர்ல பண்ணினதை யார் காதுல போட்டுக்குவா?"

மாஸ்டரின் மனைவி அறிவிப்பை இரண்டு தடவை படித்தாள். "என்னங்க, இதுல கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணுமே போடலையே. நாலு செகண்டுதானே? இருக்கிறதுலயே பண்ணி அனுப்பிடுங்களேன்."

"எல்லாத்தையும் போடுவாங்களா? சில விஷயம் நாமளா தெரிஞ்சுக்கணும்."

"எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்டதான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள் அவள். மாஸ்டர் பேரவையின் முகவரியைத் தேடப் போனார்.

பேரவை ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இருந்தது. கீழேயிருந்து துளைக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அறைக்குள் மூன்று பேர்: தலைவர், பொருளாளர், 'செவிச் செயலாளர்' என்று மேஜையில் பலகை வைத்திருந்த மூன்றாமவர். செவிச் செயலாளரின் இரண்டு காதிலும் காது மெஷின் இருந்தது.

"என்ன பதிவு பண்ணப் போறீங்க?" என்றார் தலைவர்.

"நாலு செகண்டு டியூன் சார். பஸ்ஸுக்கு."

"இன்னிக்கு நாலு செகண்டு. நாளைக்கே நாலு மணி நேரம் பண்ணணும்னு உங்களுக்குத் தோணாதுன்னு என்ன நிச்சயம்? கம்ப்யூட்டரை வேலைக்குத் தகுந்த மாதிரி வாங்கக் கூடாது, தம்பி. கற்பனைக்குத் தகுந்த மாதிரி வாங்கணும். அதை அளக்கத்தான் நாங்க இருக்கோம். கண்ணை மூடுங்க."

மாஸ்டர் மூடினார்.

"ஒரு இசைக்குழு தெரியுதா?"

"தெரியுது சார்."

"வயலின் எத்தனை?"

மாஸ்டர் நேர்மையான மனிதர். "நாலு."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. "எட்டு ஜி.பி. போதும்," என்றார் பொருளாளர். "வீட்டுக் கணக்கு எழுதுற மெஷினே தாராளம்."

"கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க," என்றார் மாஸ்டர் கண்ணைத் திறக்காமல். "எங்க சகலைக்கு எவ்வளவு வந்தது? பெயின்ட் கடை."

"அவரா! அறுபது வயலின் பார்த்தார். அறுபத்திநாலு ஜி.பி. சொன்னோம்."

மாஸ்டர் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார். "சார், முன்னாடி நின்னவர் கொஞ்சம் குண்டு. மறைச்சுக்கிட்டிருந்தார். இப்ப நகர்ந்துட்டார். எண்பது தெரியுது."

"எண்பதா?"

"பின்னால இன்னும் ஏறிக்கிட்டே இருக்காங்க சார். படிக்கட்டுல தொங்குறாங்க!"

"தபேலா?" என்றார் தலைவர் எழுந்து நின்று.

"கூரை மேல சார்!"

மூன்று பேரும் கைதட்டினார்கள். நூற்றிருபத்தெட்டு ஜி.பி. கற்பனை என்று முடிவாயிற்று. சகலையை விட சரியாக இரண்டு மடங்கு. மாஸ்டருக்கு அந்தக் கணக்கு கண்ணில் நீரை வரவழைத்தது.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் கம்ப்யூட்டராக மாறி வந்து இறங்கியது. சுவர் உதிர்ந்தால் உதிரட்டும், சகலை கடையில் ஒரு டப்பா பெயின்ட் வியாபாரம் குறைந்ததல்லவா என்று மாஸ்டர் அதிலும் ஒரு லாபம் கண்டார். பழையது பால்கனிக்குப் போயிற்று. மனைவி அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினாள்.

அடுத்த சடங்கு மௌனச் சோதனை. ஒலிப்பதிவு அறையில் கம்ப்யூட்டர் சத்தம் போடக் கூடாது. போட்டால் அதுவும் பாட்டில் விழும். அதைச் சோதிக்கப் பேரவையே வீட்டுக்கு வந்தது. மின்விசிறி நிறுத்தப்பட்டது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி பிடுங்கப்பட்டது. பிரிட்ஜையும் அணைக்கச் சொன்னார்கள்.

"பால் கெட்டுடும்," என்றாள் மனைவி.

"கலைக்காக ஒரு பால் பாக்கெட்," என்றார் தலைவர்.

"உங்க வீட்டுப் பாலா இருந்தா பரவாயில்லை," என்று அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்தாள். அது அவளுடைய பழக்கம். டம்ளரைக் கவிழ்க்கும்போது ஒரு 'டிங்', அப்புறம் மூன்று ஸ்வரம் இறங்கும்.

"உஷ்!" என்றார் மாஸ்டர்.

மூன்று பேரும் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். செவிச் செயலாளர் பயபக்தியோடு இரண்டு காது மெஷினையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "அது இரையும்," என்று விளக்கினார். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்லிய 'கொர்ர்' ஒன்று எழுந்தது. தலைவரின் புருவம் சுருங்கியது, பேனா எழும்பியது. மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, அது பொருளாளரின் குறட்டை என்று தெரிந்தது. 'உறுப்பினர் குறட்டை இயற்கை ஓசையாகக் கொள்ளப்படும்' என்று அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது.

"அபாரமான மௌனம்!" என்றார் செவிச் செயலாளர் காது மெஷினை மாட்டிக்கொண்டு. "இந்த மாதிரி நிசப்தத்தை நான் கேட்டதே இல்ல."

"இப்ப ஆன் பண்ணட்டுமா சார்?" என்றார் மாஸ்டர்.

தலைவர் அவரை, கோவிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஆன் பண்ணறதா? ஆன் பண்ணினா எந்தக் கம்ப்யூட்டர் தம்பி சத்தம் போடாது? அப்படிச் சோதிச்சா நாங்க ஒருத்தருக்காவது தரம் கொடுக்க முடியுமா?"

"அப்போ... பாட்டு எப்படிப் பதிவு பண்றது?"

"அது உங்க சொந்த விஷயம். பேரவை தலையிடாது." தலைவர் ஸ்விட்சின் மேல் சிவப்பு மெழுகை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். "இந்த முத்திரை உடைஞ்சா தரம் ரத்து. நாங்க பேரவை ஆரம்பிச்சப்போ இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு எவனாவது எதையாவது பாடிப் பதிஞ்சுக்கிட்டிருந்தான். காது கொடுத்துக் கேட்க முடியல. இன்னிக்கு நம்ம உறுப்பினர் வீடு எதுலயாவது ஒரு சத்தம் கேக்குதா? ஒண்ணுகூடக் கிடையாது. தரத்தை அந்த அளவுக்குக் காப்பாத்தியிருக்கோம்!"

மாஸ்டருக்கு அப்போதுதான் மண்டையில் பளிச்சென்றது. சகலையின் கண்ணாடிப் பெட்டி! நீல விளக்கு கம்ப்யூட்டரில் எரியவில்லை, மேலே தொங்கியது. அந்த மனிதர் இன்றுவரை அதில் ஒரு தும்மலைக்கூடப் பதிந்ததில்லை.

வேறு ஒருவராக இருந்தால் முத்திரையை உடைத்துப் பாட்டைப் பதிந்து அனுப்பியிருப்பார். மாஸ்டரும் அப்படித்தான் செய்திருப்பார், தலைவர் அந்தச் சான்றிதழை நீட்டாமல் இருந்திருந்தால். அதில் 'சிறப்பு முதல் தரம்' என்று இருந்தது. சகலையுடையது வெறும் முதல் தரம்.

மாஸ்டர் அதைப் படம் எடுத்துக் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சகலையிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னால் இருந்த முகத்தை நினைத்து மாஸ்டர் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனந்தம் நிலைக்கவில்லை. சகலை மறுசோதனைக்கு மனுப் போட்டுவிட்டார். மௌனம் கூடுதலாக இருக்கவேண்டும் என்று அன்றைக்குப் பெண்டாட்டியையே வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டார். அவள் நேரே தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"எங்க வீட்டுல இன்னிக்கு மூச்சு விடக்கூடாதாம்டி," என்றாள் அக்காள். "வளையல் சத்தம் கேக்குதாம். போய்ட்டு சாயந்திரம் வான்னுட்டார்."

"இங்க மட்டும் என்ன? அந்த ரூம் வாசல்ல நின்னு தும்மினாக்கூட முறைக்கிறார். வா, பால்கனிக்குப் போயிடலாம்."

பால்கனியில் அக்காள் தங்கை இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. டம்ளர் சத்தம் கேட்டது. 'கர்ர்ர்' என்றுகூட ஏதோ கேட்டது. மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டார். சாயந்திரம் சகலைக்கும் சிறப்பு முதல் தரம் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது; அன்று மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று வந்தாள் மனைவி.

"இப்ப எதுவும் பேசாதே," என்றார் மாஸ்டர்.

கடைசித் தேதி வந்தது. மாலை ஐந்து மணிக்குள் டியூன் பேருந்து நிறுவனத்துக்குப் போய்ச் சேரவேண்டும். மாஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முத்திரையின்மேல் கட்டைவிரலை வைத்தார். ஓர் அழுத்து. மெழுகு உடையும், கம்ப்யூட்டர் விழிக்கும், டியூன் பதியும். நகரம் முழுக்க ஒலிக்கும். ஆனால் தரம் போய்விடும். ஊரில் சிறப்பு முதல் தரம் சகலை ஒருவரிடம் மட்டும் இருக்கும். மாமியார் பெரிய துண்டாகப் பார்த்துப் பரிமாறுவார்.

விரலை எடுத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"என்ன சகலை, உடைச்சாச்சா?"

"நீங்க?" என்றார் சகலை. அவருடைய விரலும் முத்திரையின்மேல்தான் இருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

"நீங்க மூத்தவர். நீங்க முதல்ல."

"சங்கீதத்துல நீங்கதானே மூத்தவர்? நீங்க ஆரம்பிங்க."

"சரி, நமக்குள்ள எதுக்குப் போட்டி? ரெண்டு பேரும் ஒண்ணா உடைச்சிடுவோம். மூணு எண்ணுவோம்."

எண்ணினார்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"உடைச்சுட்டேன் சகலை," என்றார் மாஸ்டர், பென்சிலை ஒடித்துப் போட்டபடி.

"நானும்," என்றார் சகலை.

பென்சிலோ, பிரஷ்ஷோ, அவர் எதை ஒடித்தார் என்று மாஸ்டருக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மணி அடித்தது. மறுநாள் காலை நலம் விசாரிக்கிற சாக்கில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு முத்திரையும் குங்குமம் வைத்த மாதிரி அப்படியே இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு சிறப்பு முதல் தரங்களையும் பாராட்டப் பேரவை ஒரு கூட்டம் போட்டது. அன்று பார்த்து சகலை ரிவர்ஸ் எடுத்துக் காரைத் தன் வீட்டு கேட்டிலேயே மோதியிருந்ததால், இருவரும் பேருந்தில் போனார்கள். பின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு ஒருவர், நடைபாதைக்கு ஒருவர் என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

திடீரென்று கூரையிலிருந்து ஒலித்தது. 'டிங்.' பிறகு மூன்று ஸ்வரம், மாடிப்படியில் குழந்தையைக் கைபிடித்து இறக்குவதுபோல் இறங்கின. தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தபடி கண் விழித்தார். பத்துப் பேர் பதறாமல் எழுந்தார்கள். "புது டியூனா? நல்லா இருக்கே!" என்றது ஒரு குரல்.

"யார் பண்ணினதாம்?" என்று பல்லைக் கடித்தார் சகலை.

மாஸ்டருக்குத் தெரிந்தது. அந்த 'டிங்' அவர் வீட்டு டம்ளர். அந்த மூன்று ஸ்வரமும் அவர் 'உஷ்' சொன்ன ஸ்வரம். அதெல்லாம் போகட்டும். டியூனுக்கு அடியில், காதைத் தீட்டினால் மட்டும் கேட்கிற ஓசை ஒன்று இருந்தது. கர்ர்ர். ஒரு விக்கல். கர்ர்ர்.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும், பேரவைக்குப் போகாமல் இருவரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப் பேருந்து பிடித்து அவர் வீட்டுக்கு ஓடினார்கள். வழியெல்லாம் அதே டியூன். வீட்டில் அக்காளும் தங்கையும் பேருந்து நிறுவனம் அனுப்பிய பூங்கொத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த... டிங்?" என்றார் மாஸ்டர்.

"அக்கா தட்டினது," என்றாள் மனைவி. "பாட்டு என்னுது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன்? பேசாதேன்னீங்க. பேசாம அனுப்பிட்டேன்."

"எதுல பண்ணினே? அந்த லாரியிலயா?" என்று கத்தினார் சகலை.

"ஆமாம், லாரிதான்," என்றாள் அவர் மனைவி. "உங்க கண்ணாடிப் பெட்டி பென்ஸ் கார் எப்ப ஷெட்டைவிட்டு வெளியே வருது?"

சகலைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷப் பகையில் முதல் தடவையாக ஒருவர் முகத்தில் இருந்த எரிச்சல் இன்னொருவருக்கு ஆறுதலாக இருந்தது. பேசிவைத்த மாதிரி இரண்டு பேரும் பேரவைக்குப் புறப்பட்டார்கள்.

தலைவர் புகாரை முழுவதும் கேட்டார். கீழே பல் துளைக்கிற சத்தம் ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு எழுந்தார்.

"முதல்ல அந்த மெஷினுக்குத் தரம் இல்லை. தரம் இல்லாத மெஷின்ல பதிஞ்சது பதிவே இல்லை. பதிவே இல்லாததை யாராலயும் கேக்க முடியாது. லட்சக்கணக்கான பேர் தினமும் கேக்கிறாங்கன்னு நீங்க சொல்றீங்க. லட்சம் பேர் செய்யறதால ஒரு தப்பு சரியாயிடுமா? ஆகவே அந்த டியூன் இதுவரை கேட்கப்படவில்லைன்னு பேரவை ஏகமனதாத் தீர்மானிக்குது. உறுப்பினர்கள் பேருந்தில் போகும்போது அது ஒலிச்சா காதைப் பொத்திக்கணும். மீறினா தரம் ரத்து."

"எனக்கு ஏற்கெனவே கேக்கிறதில்ல," என்றார் செவிச் செயலாளர் பெருமையாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மாமனார் வீட்டுக்குப் பேருந்தில் கிளம்பினார்கள். அன்று மாமியார் முதலில் யாருக்குப் பரிமாறுவார் என்பது இரண்டு சகலைகளுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அக்காளும் தங்கையும் முன் சீட்டில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பேருந்து திரும்பியது. கூரை 'டிங்' என்றதும் பின் சீட்டில் நாலு ஆள்காட்டி விரல்கள் நாலு காதுக்குள் ஏறின. கேட்டுவிடுமோ என்ற பயத்தில் இருவரும் கண்ணையும் சேர்த்து இறுக்கிக்கொண்டார்கள். மாஸ்டருக்கு இருட்டில் எண்பது வயலின்கள் தெரிந்தன. எல்லாம் அந்த மூன்று ஸ்வரத்தையே வாசித்தன.

கண்ணைத் திறந்தபோது முன் சீட்டு காலியாக இருந்தது. கீழே இறங்கி, தெருவோர நடைபாதையில் நின்றபடி அக்காளும் தங்கையும் கையாட்டி எதையோ கத்திச் சொன்னார்கள்.

"என்ன சொல்றாங்க சகலை?" என்றார் மாஸ்டர் உரக்க.

"தெரியல. நீங்க விரலை எடுத்தீங்கன்னா கேக்கும்," என்றார் சகலை.

"நீங்க முதல்ல எடுங்க."

பேருந்து அடுத்த நிறுத்தத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.